கருப்பட்டி நுரையில் வந்த ராணி

தூத்துக்குடி
29 ஆகஸ்ட் 2025

மாட்சிமை பொருந்திய என் தங்கை உமாராணிக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற கதையை நீ நம்பமாட்டாய். உன் மாமியார் சீனித்தாய் அத்தையும் நம்பமாட்டார்கள். நாசரேத்தில் ஒரு காக்கா குருவிகூட நம்பாது. இருந்தாலும் கிழக்கே கடலைப் பார்த்து நின்று, வலது கையைக் கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: எழுதப்போவது அத்தனையும் நடந்தது.

எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீதான் போனில் என்னை பிளாக் செய்துவிட்டாயே. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய மன்னிப்புகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட சனம் மாதிரி நிற்கின்றன. தபால்காரரை பிளாக் செய்கிற பட்டன் இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை. ஆகவே இந்தக் கடிதம்.

அன்றைக்கு நீயும் அத்தையும் நம் பக்கத்துப் புதுக்கோட்டைக் கல்யாணத்துக்கு வேன் ஏறினீர்கள். மச்சானுக்கு சாகுபுரம் ஆலையில் பகல் ஷிப்ட். உன் மகள் இன்பமணியையும், குழித்தட்டுகளில் நின்ற மிளகாய் நாற்றையும், என் உரத் தேநீரையும் என் பொறுப்பில் விட்டுப் போனீர்கள். மட்கிய உரத்தைத் துணிப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, கருப்பட்டி கரைத்து, பகல் முழுக்கக் காற்று ஊதினால், உரத்தில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத நல்ல உயிர்கள் கோடி கோடியாகப் பெருகும். அந்தத் தண்ணீரைச் சாயங்காலம் நாற்றின் வேருக்கு ஊற்றவேண்டும். இவ்வளவுதான் வேலை.

காற்று ஊத நான் கொண்டுவந்த இயந்திரம் சாதாரணமானதா? மாசானத்தின் பழைய இரும்புக் கடையில் கிடந்த டீசல் கம்ப்ரசர். சங்கு குளிக்கப் போகிறவர்களுக்குக் கடலடியில் மூச்சு அனுப்பிய எந்திரம். முத்துச் சிப்பி விளைகிற கடலடிப் பாருக்கு மேல் எத்தனையோ வருஷம் மிதந்தது. அதை உன் கொல்லையில் ஓட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

மத்தியானம் இருக்கும். தொட்டியில் நுரை பொங்கியது. நுரைக்குள்ளிருந்து, உமா, ஒரு ராணி எழுந்து வந்தாள். முத்துப் பாரை ஆள்கிற கடல் ராணி. தன் ஊர் இயந்திரத்தின் சத்தம் கேட்டுத் தூக்கம் கெட்டு வந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவப்பு. "எவன்டே அது, எந்தூக்கத்தக் கெடுக்கது?" என்று ஒரு அதட்டு. ராணியும் நம் பக்கத்துப் பேச்சுத்தான் பேசினாள். நான் நடுங்கிப்போய் எந்திரத்தை நிறுத்தினேன். அவள் நேராக வந்து என் மடியில் படுத்தாள். பதினெட்டு யானை எடை. "நான் முழிக்கிற வரைக்கும் அசையாத. அசைஞ்சா கடலு நாசரேத் வரைக்கும் வரும்" என்றாள்.

நான் என்ன செய்யட்டும்? நாசரேத்தின் கோயில் கோபுரமும் பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாண்டும் இன்றைக்குக் காய்ந்து நிற்கின்றன என்றால், அதற்கு இந்த இரண்டு தொடைகள்தான் காரணம். சாயங்காலம்தான் ராணி விழித்தாள். அதற்குள் தேநீர் கெட்டுவிட்டது.

நாற்று போனதற்கு ஊரைக் காப்பாற்றியதைக் கழித்துக்கொண்டு, கோபத்தைக் குறைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மகளின் ஏக தாய்மாமன்,
பழைய துறைமுகச் சாலைக் கயிற்றுக்கடைச் சக்கரவர்த்தி,
வீரபாகு


நாசரேத்
2 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். தபால்காரர் கொண்டுவந்ததை அத்தை வாங்கி, "ஏளா உமா, வாசி, என்னதான் சொல்லுதான்னு பாப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள். வாசித்தேன். பதினெட்டு யானையில் அத்தை சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். நீ போன மறுநாளே நாற்றின் கழுத்து கறுத்து மடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டாகச் சாய்ந்தது. அத்தனையும் டயானா அக்காவின் மகளிர் குழுவுக்குச் சொல்லிவைத்த நாற்று. புரட்டாசியில் நட நிலத்தைத் தயார் பண்ணிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அக்கா வந்து பார்த்துவிட்டு, சாய்ந்த தட்டுகளை அடுக்கித் தந்துவிட்டுப் போனார்கள். ஏசியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

அன்று வேனில் எங்களோடு புதுக்கோட்டைச் சொந்தக்காரர்களும் ஏறி வந்தது எதற்கு? இன்பமணியின் காதுகுத்துக்கு நாள் பார்க்க. வாசலில் இறங்கியதும் அந்த நாற்றம். ஒருத்தரும் காப்பி குடிக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டே காதுகுத்தை ஐப்பசிக்குத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். சகுனம் சரியில்லையாம். தாய்மாமன் இப்படி இருந்தால், பெரியம்மா மகன் ராஜதுரை அண்ணனும் பிள்ளைக்கு மாமன்தானே, அவர் மடியில் வைத்துக் குத்தலாம் என்று அத்தை சொல்கிறார்கள். நான் மறுக்கவில்லை.

நாற்று போனதுகூடப் பரவாயில்லை, அண்ணே. மறுபடி விதைத்துவிட்டேன். "ஏன் காற்றை நிறுத்தினாய்?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன். ராகுகாலம் என்றாய். மறுபடி கேட்டதற்கு, கரண்ட் போய்விட்டது என்றாய். டீசல் மிஷினுக்கு எதுக்குக் கரண்ட்? இப்போது ராணி. நீ தெரியாமல் செய்த தப்பை நான் எப்போதோ மறந்திருப்பேன். என் முகத்தைப் பார்த்து ஒரு நிஜம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிளாக்கை எடுக்கமாட்டேன். எடுத்தால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

உமாராணி


தூத்துக்குடி
5 செப்டம்பர் 2025

அன்புள்ள உமாவுக்கு,

ராஜதுரையின் மடியா! அதை நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்திருக்கிறேன். இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு தோணி போகும். அவன் முட்டியில் உட்கார்ந்த ஈ சறுக்கி விழுந்து, காயம் ஆறி, போன வாரம்தான் பறந்து போனது. அந்த மடியில் என் மருமகளா?

சரி. மடியைப் பிறகு பேசிக்கொள்வோம். தேநீரைப் பேசுவோம்.

இங்கே வண்ணமீன் கடை வைத்திருக்கும் நயினாரிடம் போய் என் பெருமையைச் சொல்லித் தொட்டியை வர்ணித்தேன். முழுசாகக் கேட்டான். "அண்ணாச்சி, நீங்க டீ போடல, சாராய ஊறல் போட்டிருக்கீரு" என்றான். அப்புறம் அவனும் நானும் அவனுடைய போனில் யார் யாரோ விளக்கும் வீடியோக்களைப் பார்த்தோம். பார்த்ததில் என் ராஜ்யமே கவிழ்ந்தது.

ஒன்று, அந்தக் கம்ப்ரசர் காற்றோடு எண்ணெயையும் சேர்த்துத் துப்பியிருக்கிறது. தண்ணீர் மேல் ஏதோ மினுங்கியதே, முத்துக் கடலின் பளபளப்பு என்று நான் கைதட்டினேனே, அது எண்ணெய். அடுத்தது கருப்பட்டி. நெல்லிக்காய் அளவு போடவேண்டிய இடத்தில் நான் ஐந்து முழு வட்டு போட்டேன். நம் வீட்டில் யாருக்காவது காப்பிக்குக் கருப்பட்டி குறைத்துப் போட்டுப் பழக்கம் உண்டா? விருந்தாளி கோடிப் பேர் என்றதும் கை தாராளமாகப் போய்விட்டது. அவ்வளவு இனிப்பைத் தின்று அத்தனை உயிரும் மூச்சு வாங்கும்போது காற்றை நிறுத்தினால் என்ன ஆகும்? நல்லதெல்லாம் செத்து, கெட்டதெல்லாம் குடியேறும். நாற்றம் எனக்கும் தெரிந்தது. உரம் என்றால் நாறத்தான் செய்யும் என்று நினைத்து, எந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஊற்றிவிட்டேன். நாறினால் ஊற்றவே கூடாதாம்.

கம்ப்ரசரை மாசானத்திடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை காலை நாசரேத் பஸ்ஸில் ஒரு பெயிண்ட் வாளி வரும். கண்டக்டரிடம் வாங்கிக்கொள். உள்ளே இரண்டு டியூப் போகிற மீன்தொட்டி பம்பு, டியூப்பின் நுனியில் மாட்டக் காற்றுக்கல், உரம் கட்ட நைலான் வலைப் பை. பம்பு சத்தமே போடாது. நயினார் கடையிலிருந்த எல்லா பம்பையும் காதில் வைத்துக் கேட்டு எடுத்தேன். பக்கத்தில் பச்சைப்பிள்ளை தூங்கலாம்.

குழாய்த் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வெறுமனே காற்று ஓடவிடு. அதில் கிருமிக்குப் போடுகிற மருந்து பறந்துபோகும். உன் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதைத் தொடாதே. பிறகு உரப் பையைத் தொங்கவிடு. கருப்பட்டி நெல்லிக்காய் அளவுதான். மறுநாள் மோந்து பார். மண் வாசம் வந்தால், காற்றை நிறுத்தின கையோடு ஊற்று. பம்பை வாளித் தண்ணீருக்கு மேலே உயரத்தில் வை.

நீ தொடமாட்டாய் என்று தெரியும். சும்மா சொல்லிவைத்தேன்.

உன் கேள்விக்கு பதில்: ராணிதான் காரணம். வேறு பதில் என்னிடம் இல்லை.

வீரபாகு


நாசரேத்
11 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

வாளி வந்தது. தொடவில்லை. தொழுவத்தில் கிடக்கிறது.

நீ எத்தனை வாளி அனுப்பினாலும் நான் கேட்டது வரவில்லை. மறுபடியும் ராணியாம். என்னைச் சின்னப்பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் என் சிலேட்டை உடைத்துவிட்டுத் திமிங்கிலம் கடித்தது என்று சொன்ன அதே ஆள்தான் நீ.

இரண்டாவது விதைப்பு முளைத்து நிற்கிறது. இந்தத் தடவை டயானா அக்காவை நான் ஏமாற்ற முடியாது. அதனால் உன் தேநீர் என் நாற்றுப் பக்கம் வராது.

பம்பை ஏன் உயரத்தில் வைக்கவேண்டும்? கீழே வைத்தால் என்ன? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வலைப் பையை வாளியின் அடியில் படும்படி விடலாமா, நடுவில் தொங்கவேண்டுமா?

அத்தை ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார்கள்: முத்துக் கடல் ராணி என்றால் நகை போட்டிருந்திருப்பாளே, என்னென்ன போட்டிருந்தாள்?

உமாராணி


தூத்துக்குடி
15 செப்டம்பர் 2025

தொழுவத்தில் கிடக்கும் வாளியைத் தொடாத என் தங்கைக்கு,

கரண்ட் போனால் காற்று நின்று, வாளித் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி பம்புக்குள் ஏறிவிடும். பம்பு உயரத்தில் இருந்தால் ஏறாது. பை நடுவில் தொங்கவேண்டும். காற்றுக்கல் அதற்கு நேர் கீழே, குமிழி பையை இடித்து உலுக்குகிற மாதிரி. வாளி காலியானதும் உடனே எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவு. டியூப்பின் உள்பக்கம் வழுவழு என்றிருந்தால் அடுத்த தேநீர் அங்கேயே கெட ஆரம்பிக்கும். நீ தொடவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

கரண்ட் நீண்ட நேரம் வராவிட்டால் நாற்றுக்கு ஊற்றாதே. தென்னை மரத்து மூட்டில் கொட்டிவிடு. என்னைப் போல ஆசைப்படாதே.

இனி அத்தையின் திருச்சமூகத்துக்கு. ராணியின் கழுத்தில் முட்டை முட்டையாக முத்து. ஒவ்வொன்றும் வாத்து முட்டை அளவு. கையில் பவழ வளையல், முழங்கை வரைக்கும். காலில் சலங்கைக்குப் பதிலாகச் சங்கு. நடந்தால் திருச்செந்தூர்த் தேர் வருகிற சத்தம். காதில் மட்டும் ஒன்றுமில்லை. "மகாராணி, இத்தனை முத்து இருக்கு, காது ஏன் மூளியா இருக்கு?" என்று பயந்து பயந்து கேட்டேன். "இன்னும் குத்தலவே. மடி சரியா அமையல" என்றாள்.

வாளியைத் தொடாதே.

வீரபாகு


நாசரேத்
24 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

தொட்டேன்.

முதல் வாளி சாக்கடை நாற்றம். உரம் பாதிதான் மட்கியிருந்தது, அவசரத்தில் எடுத்துவிட்டேன். தென்னை மூட்டில் கொட்டினேன். உன்னைத்தான் ஏசிக்கொண்டே கொட்டினேன். இரண்டாவது தடவை, போன வருஷக் குவியலின் அடியிலிருந்து கறுப்பாக உதிர்கிற உரமாகப் பார்த்து எடுத்தேன். மறுநாள் மூடியைத் திறந்தால், மழையின் முதல் தூறல் விழும்போது வருமே, அந்த வாசம். நுரையும் கொஞ்சம்தான், காப்பி மேல் நிற்கிற மாதிரி. பாதித் தட்டுக்கு மட்டும் ஊற்றியிருக்கிறேன். மீதிக்கு வெறும் தண்ணீர். பார்க்கவேண்டும் இல்லையா? உன் வாய்ப்பேச்சை வைத்து டயானா அக்காவுக்கு நாற்றுக் கொடுக்க முடியாது.

காதுகுத்து ஐப்பசி மூன்றாவது வாரம், சாஸ்தா கோயிலில். நேற்று ராஜதுரை அண்ணன் வந்திருந்தார். இப்போதே பழகட்டும் என்று அத்தை இன்பமணியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்கள். அவர் பாவம், மிட்டாயெல்லாம் வாங்கி வந்திருந்தார். இவள் உடம்பை வில்லாக வளைத்து, அலறி, அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டாள். அதுதான் வினை.

அத்தைக்கு வந்ததே கோபம். "இது பொறந்த நேரமே சரியில்லளா. இது பொறந்த வருசம் கிணறு உப்பாப் போச்சு, போன வருசம் பசு செத்துச்சு, இப்ப வந்தவுக மூஞ்சில முழிக்க முடியல" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அத்தை கெட்டவர்கள் இல்லை, உனக்கே தெரியும். ராத்திரி அவளுக்குச் சோறு ஊட்டினதும் அவர்கள்தான். ஆனால் வீட்டில் எது கெட்டாலும் அது கடைசியில் அந்தப் பிள்ளை தலையில் போய்த்தான் விழுகிறது. அவளும் இப்போது புரிந்துகொள்கிற வயசுக்கு வந்துவிட்டாள். "எம்மா, கிணத்துல நானா உப்பு போட்டேன்?" என்று கேட்கிறாள்.

உன்னிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொல்லத் தோன்றியது, எழுதினேன்.

உமாராணி


தூத்துக்குடி
27 செப்டம்பர் 2025

அன்புள்ள உமாவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தைக்குச் சத்தமாக வாசி.

நாற்று செத்தது என்னால். எண்ணெய் கக்குகிற எந்திரத்தைக் கொண்டுவந்தது நான். கருப்பட்டியை அள்ளிப் போட்டது நான். எந்திரத்தை நிறுத்தியது நான், மறுபடி ஓட்டாமல் இருந்ததும் நான், நாறியதை ஊற்றியதும் நான். அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த எதற்கும் வேறு யாரும் காரணம் இல்லை. யார் பிறந்த நேரமும் காரணம் இல்லை. கிணறு உப்பானது கடல் பக்கத்தில் இருப்பதால். பசு செத்தது அதற்கு வயசானதால்.

காதுகுத்தன்று பிள்ளை மறுபடி அழுது, கோயிலில் வைத்து யாரும் அவளை ஏதும் சொல்லிவிடக் கூடாது. அதனால் ராஜதுரைக்கு இதைச் சொல்லிக்கொடு: மடியில் வைக்கும்போது முகத்தை வெளிப்பக்கம் திருப்பக் கூடாது. வயிற்றோடு சாய்த்துக்கொள்ள வேண்டும். இடது பாதத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டால் அழமாட்டாள், கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிடும். பிடித்த பிறகு கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் முழித்துவிடுவாள். கால் மரத்தாலும் அசையாமல் இருக்கச் சொல். ராஜதுரை நல்லவன். அவன் முட்டியைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

சீர்த் தட்டை பஸ்ஸில் அனுப்பிவிடுகிறேன். கம்மல் சின்னதுதான், முத்து வைத்தது.

வீரபாகு


நாசரேத்
8 அக்டோபர் 2025

அண்ணே,

உன் கடிதத்தை வாசித்தபோது அத்தை சிரிக்கவில்லை. "என்னளா இது, யானையும் இல்ல, பூனையும் இல்ல. ஒங்கண்ணனுக்கு மேலுக்கு முடியலயா?" என்று கேட்டார்கள். எனக்கும் ஒன்று உறுத்தியது. இடது பாதம். பெற்றவள் எனக்கே அது தெரியாது. நீ எப்போது அவளைத் தூங்கவைத்தாய்?

நேற்று மழை தூறியதால் வாளியை உள் நடையில் கொண்டுவந்து வைத்து பம்பை ஓடவிட்டிருந்தேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். இன்பமணி வாளியில் காதை ஒட்டவைத்துக் குமிழிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, "இது நல்ல மிசின்மா. மாமா மிசின் மாரி கத்தல" என்றாள்.

"அது ரொம்பக் கத்துச்சோ?" என்று சும்மாதான் கேட்டேன்.

"ஆமா. காதுக்குள்ள இடிச்சிச்சு. நான் அழுதேன், வாந்தி எடுத்தேன். மாமா ஓடியாந்து ஆப் பண்ணிட்டு மடில போட்டுக்கிட்டாவ. தூங்கிட்டேன். முழிச்சிப் பாத்தா மாமா அப்படியே இருக்காவ. 'எந்திரிக்கட்டா மகாராணி, வேல கெடக்கு'ன்னு கேட்டாவ. நான் வேண்டாம்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டேன்."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காம்பை உருவிய கை அப்படியே நின்றது. நீ ஏன் ராகுகாலம் என்றாய், ஏன் கரண்ட் என்றாய் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேனிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது, பிள்ளை தூங்கினதால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், செத்த நாற்றும் தள்ளிப்போன நாளும் அவள் கணக்கில்தான் ஏறியிருக்கும். உன்னை ஏசினேனே, அதே வாயால் நானே அவளை ஏசியிருப்பேன்.

அத்தை, "ஏளா, நான் என்ன பிள்ளயக் கடிச்சா திங்கப் போறேன்? எங்கிட்ட இருந்து ஒளிக்கவா ஒங்கண்ணன் இவ்வளவு புளுகு புளுகுனான்?" என்றார்கள். அப்புறம் இன்பமணியை இழுத்து மடியில் போட்டு இடது பாதத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். நிஜமாகவே கண் சொருகியது. கீரை பாதியில் கிடக்க, அத்தை விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி அவர்களே ராஜதுரை அண்ணனுக்குப் போன் போட்டார்கள். "பந்தி விசாரிக்க நீ வந்திரு ராசா. மடிக்கு வீரபாகு வாரான்" என்றார்கள். என்னிடம் திரும்பி, "மடிதான வேணும், மூளையா வேணும்?" என்றார்கள்.

நாற்றுச் செய்தி: பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே உயரம்தான். ஆனால் தட்டிலிருந்து உருவிப் பார்த்தால், தேநீர் ஊற்றிய பக்கம் வேர் வெள்ளையாக, அடர்த்தியாக, மண்ணை விடாமல் பிடித்திருக்கிறது. டயானா அக்கா பார்த்துவிட்டு அந்தப் பக்கத்து நாற்றையே முதலில் கேட்டார்கள். அடுத்த வாரம் கொடுக்கிறேன்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நீ ஜெயித்ததாக நினைக்காதே. போனிலும் பேசாதே, அத்தைக்குக் கடிதம்தான் வேண்டுமாம். கம்மலை பஸ்ஸில் அனுப்பாதே. நீயே கொண்டு வா.

உன் தங்கை,
உமா

அவளை மகாராணி என்றா கூப்பிட்டாய்?


தூத்துக்குடி
11 அக்டோபர் 2025

சீனித்தாய் அத்தையின் திருச்சமூகத்துக்கும், என் தங்கை உமாவுக்கும்,

அழைப்பு கிடைத்தது. என் மடி இப்போது மிகவும் கிராக்கியில் இருக்கிறது. இலங்கையிலிருந்து ஒருத்தர், மாலத்தீவிலிருந்து ஒருத்தர், சாயல்குடிப் பக்கம் ஒரு ஜமீன் என்று காதுகுத்துக்குக் கேட்டுக் கடை வாசலில் கயிறு கட்டி நிற்கிறார்கள். கயிறு என் கடையில்தான் வாங்கினார்கள் என்பதால் பொறுத்துக்கொண்டேன். எல்லாரையும் அனுப்பிவிட்டு நாசரேத்துக்கு வருகிறேன். சங்கு குளிக்கிற ஆட்கள் நாற்பது பேர் முன்னால் ஊதிக்கொண்டு வருவார்கள், மாசானம் அந்தக் கம்ப்ரசரைத் தேரில் வைத்து இழுத்து வருவான். பயப்படாதீர்கள், ஓட்டமாட்டோம்.

அத்தை, உங்களிடமிருந்து ஒளித்தேன் என்று வருத்தப்பட்டீர்களாம். உங்களுக்குப் பயந்து இல்லை. அன்றைக்கு வாசலில் உங்கள் முகத்தையும் உமாவின் முகத்தையும் பார்த்தேன். இன்பமணி என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். நாற்று செத்தால் மறுபடி விதைக்கலாம். அவள் காதில் விழுகிற சொல்லைப் பிடுங்கி எறிய முடியாது. குத்துகிற கம்பி போகட்டும், வேறெதுவும் அந்தக் காதில் குத்தவேண்டாம் என்று பட்டது. எனக்குப் புளுகு கைவந்த தொழில். ராகுகாலம் வாயில் வந்தது, சொன்னேன். நீங்கள் அன்றைக்கு அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாமே, இனிமேல் எனக்கு அந்த வீட்டில் புளுகுவதற்கு வேலையில்லை.

ஆகவே, உமா, முதல் கடிதத்தில் செய்த சத்தியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கருப்பட்டிச் சிப்பத்தின் மேல் கை வைத்ததே பொய். அன்று வீட்டில் ஒரு வட்டுகூட மிச்சமில்லை, எல்லாம் உன் தொட்டியில் கரைந்துவிட்டது. கடல் ராணி பொய். பவழ வளையலும் சங்குச் சலங்கையும் பொய். பதினெட்டு யானை பொய். அவள் ஒரு நாற்றுத் தட்டு கனம்கூட இல்லை. கடல் நாசரேத்துக்கு வருவதாக யாரும் மிரட்டவில்லை.

தொட்டியில் நுரை அடங்குவதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், உமா. எந்திரம் எட்டிவிடுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒருத்தி என் மடியில் தூங்கினாள். எனக்கு அசைய மனசு வரவில்லை.

அந்தக் கதையில் அவ்வளவு மட்டும் நிஜம்.

வீரபாகு